நாலாவது இடம், ராவுத்தர் வீடு

கருவேலம்பதியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாசகசாலைக்காரர்கள் ஒரு தாள் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். அதில் ஆறு இடங்கள் போட்டிருக்கும். மாரியம்மன் கோயில், தர்கா, மாதா கோயில், பிறகு ராவுத்தர் வீடு, ஆளில்லாமல் கிடக்கிற பழைய செக்போஸ்ட், கடைசியாக ஊர் எல்லைக்கல். எல்லைக்கல் தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு பர்லாங்கு தள்ளி நிற்கிறது. ராஜ்யங்களைப் பிரித்தவர்கள் மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டா பிரித்தார்கள்? அவளுடைய எல்லை பழையது, அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நாலாவது இடமான ராவுத்தர் வீட்டில் நூர்ஜஹான் இருந்தாள். பழைய வீடு என்றால் பூட்டிக் கிடக்கும், யாராவது சாவி கொண்டுவந்து திறப்பார்கள் என்று நினைத்து வருகிறவர்கள், உள்ளேயிருந்து ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். அவளும் தயங்குவாள். அப்புறம் வாங்க வாங்க என்பாள்.

ஐம்பத்தெட்டு வயது. பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் பிறந்தவள், இருபதில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். கணவர் சைனுதீன் வீட்டின் முன்கட்டிலேயே கயிறும் சாக்கும் விற்றார். செக்போஸ்டில் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிற காலத்தில் அது நல்ல வியாபாரம். சோதனைக்காகச் சரக்கை அவிழ்த்த டிரைவர் திரும்பக் கட்டும்போது பழைய கயிறு போதாது. செக்போஸ்டை மூடிய பிறகு லாரிகள் நிற்கவில்லை, கயிறும் விற்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் சைனுதீனும் போய்விட்டார். அது ஆறு வருஷம் முன்பு.

ஒரே மகன் அஷ்ரஃப் ஷார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா. இந்த மூன்றும் முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவன் மனைவி முஹ்சினா பக்கத்திலிருந்து சலாம் சொல்வாள். பிள்ளையின் முகத்தை ஒரு நொடி காட்டுவார்கள். போன வருஷம் வந்தபோது வாசலுக்கு ஒன்றும் கூடத்துக்கு ஒன்றுமாக இரண்டு கேமரா மாட்டிவிட்டுப் போனான். அங்கே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இங்கே அம்மா நடமாடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளலாமாம். அவன் பயம் அவனுக்கு. கூடத்தைக் கடக்கும்போது நூர்ஜஹான் சில நேரம் கேமராவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாள். யாரும் திரும்பத் தலையாட்டப்போவதில்லை என்பது தெரிந்ததுதான்.

வீடு பார்க்கத் தகுந்தது என்று கண்டுபிடித்தது நிமி. வாசகசாலையில் வேலை பார்க்கிற மலையாளிப் பெண், கெட்டிக்காரி. நூர்ஜஹானை, மலையாள முஸ்லிம்கள் அம்மாவைக் கூப்பிடுவது போல, உம்மா என்று கூப்பிடுவாள். இந்த வீட்டில் யாரும் யாரையும் உம்மா என்று கூப்பிட்டதில்லை, ஆனாலும் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறதே என்று நூர்ஜஹான் விட்டுவிட்டாள். நிலைக்கதவின் மேல்கட்டையில் அரபு எழுத்துச் செதுக்கியிருக்கிறது. கீழ்க்கட்டையில் வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவை அறிவித்துச் சாட்டுகிறவர்கள் அப்பிவிட்டுப் போகிற மஞ்சள், ஏடு ஏடாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு கதவுக்காகவே ஆட்கள் வருவார்கள் என்றாள் நிமி. வந்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு.

நிமி இந்த வீட்டுக்கு ஒதுக்கியது எட்டு நிமிடம். கதவைப் படம் எடுக்க, கூடத்தைச் சுற்றிப் பார்க்க, கிளம்ப. ஆனால் வாசல் தாண்டி வந்தவரை வாயில் ஒன்றும் போடாமல் அனுப்புகிற பழக்கம் ராவுத்தர் வீட்டில் கிடையாது. சனிக்கிழமையே தேங்காய் பர்பி கிளறித் தட்டில் கொட்டி வைப்பாள். இஞ்சி டீ போடுவாள். டீ ஆறுகிற வரைக்கும் ஊரைக் கேட்பாள், பேரைக் கேட்பாள், பிள்ளைகளைக் கேட்பாள். எட்டு நிமிடம் இருபதாகும். நிமி கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். அவர்கள் போன பிறகு இருபது டம்ளரையும் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மத்தியானமாகிவிடும். அந்த டம்ளர்களை அவள் நிதானமாகவே கழுவுவாள்.

சித்திரை முதல் ஞாயிறன்று ஏலப்பாறையிலிருந்து இருபத்துமூன்று பெண்கள் வந்தார்கள். எஸ்டேட் சர்ச்சின் மாதர் சங்கம். மலம்புழை அணையைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார்கள். மலைக்காரர்களுக்குப் பையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே கிளம்பத் தெரியாது போலிருக்கிறது, அந்த வெயிலிலும் பாதிப் பேர் பையில் கம்பளி எட்டிப் பார்த்தது. அவர்களில் ஞானப்பூ என்கிற அம்மாள், கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அறுபத்திரண்டு வயது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மயக்கம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளே சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னாள். காலைத் தூக்கி வைங்க, காத்தை விடுங்க.

பஸ் காத்திருக்க முடியாது. மற்றவர்கள் அன்று இரவுக்குள் மலையேற வேண்டும். கடைசியில் ஞானப்பூவை ராவுத்தர் வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டுப் போவது, சாயங்காலம் நிமி அவளைப் பாலக்காட்டில் கோட்டயம் பஸ் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ஞானப்பூவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் மகள் ஜிபி குவைத்தில் நர்ஸ். நாலு வருஷம் கழித்துப் புதன்கிழமை காலையில் குழந்தையோடு வருகிறாள். இரண்டு நாள் அம்மாவோடு, அப்புறம் பத்தனம்திட்டையில் புருஷன் வீடு. அந்த இரண்டு நாளுக்காக ஞானப்பூ எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தாள்.

இதெல்லாவற்றையும் அவள் கூடத்தில் படுத்துக்கொண்டே நூர்ஜஹானிடம் சொன்னாள். நூர்ஜஹான் மோர் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள். மத்தியானத்துக்கு மேல் ஞானப்பூ எழுந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தாள். இரண்டு பெண்கள் ஒரு முறத்துக்கு இருபுறமும் உட்கார்ந்து கீரை உருவுகிற காட்சி அந்தக் கூடத்தில் நடந்து எத்தனை வருஷமாயிற்று என்று நூர்ஜஹான் நினைத்துப் பார்த்தாள். கேமராவில் பார்த்த அஷ்ரஃப் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் கூப்பிட்டுவிட்டான். யாரும்மா அது, ஊர் பேர் தெரியாதவங்களை உள்ளே விடலாமா என்றான். தெரிந்தவர்தான் என்று அவள் சொன்னாள்.

ஐந்து மணிக்கு நிமி கூப்பிட்டாள். அண்ணன் கார் பாலக்காட்டுக்குப் போகிறது, சேச்சி தயாரா என்று கேட்டாள். நூர்ஜஹான் அடுக்களையில் நின்றுகொண்டு, அவங்க நல்லாத் தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டாள். ஞானப்பூ தூங்கவில்லை. கூடத்தில் படுத்து ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாட்டு என்பது நூர்ஜஹானுக்குத் தெரியும்.

கருவேலம்பதி நோம்பியின் வழக்கம் இது. சித்திரை முதல் ஞாயிறு பொழுது சாய, கோயிலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுவார்கள். பறை முழக்கி ஒவ்வொரு வாசலிலும் நின்று சாட்டுவார்கள். கவுண்டர் வீடு, ராவுத்தர் வீடு, மாதா கோயிலை ஒட்டிய வீடுகள் எல்லா வாசலிலும்தான். அந்தச் சத்தம் கேட்கிறபோது எல்லைக்குள் இருந்தவர், எட்டாம் நாள் கம்பம் பிடுங்குகிற வரைக்கும் வெளியே போய் ராத்தங்கக் கூடாது. அதனால் விருந்தாளிகளைப் பறை புறப்படுவதற்குள் அனுப்பிவிடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. மீறி யாராவது போனால், போனவருக்கு ஒன்றுமில்லை. அவர் புறப்பட்ட வீடு காப்பு முறிந்த வீடு. வாசலில் வேப்பங்கொத்துச் செருகிவிடுவார்கள். கம்பம் பிடுங்குகிற வரைக்கும் அந்தப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். செங்கோட்டையன் வீட்டில் ஒரு வருஷம் அப்படி நடந்தது. மகனுக்குப் பரீட்சை, கோயமுத்தூருக்குப் போயே ஆக வேண்டும். அவர் மனைவி மருதாத்தாள் ஐந்து நாள் மதில் மேலாகத்தான் எல்லோரையும் பார்த்தாள். சைனுதீன் ஒருமுறை திருச்சூர் வரை போய், ஒரு கல்யாணத்தில் சோறு போடுவதற்குள் எழுந்து கடைசி பஸ் பிடித்துத் திரும்பியவர்.

பறை வந்தது. நிலையில் மஞ்சளை அப்பினார்கள். ஞானப்பூ கூடத்திலிருந்து எழுந்துவந்து பார்த்தாள், என்னவென்று கேட்டாள். நூர்ஜஹான் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. தனக்கு முன்னமே தெரியும் என்பதைத் தவிர. இனி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போக முடியாதே அக்கா என்று அவள் சொன்னபோது குரலில் வருத்தம் இருந்தது. அது முழுப் பொய் வருத்தமும் இல்லை.

மலையிலும் மாடசாமி கொடைக்கு இப்படிக் கட்டு உண்டு என்றாள் ஞானப்பூ. உலகம் பூராவும் மனுஷன் பயம் ஒன்றுதான் என்றாள். பிறகு புதன்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

திங்கட்கிழமை காலையில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அவசரமாகப் பார்த்த இடங்களையும் பார்க்காமல் விட்டவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம் என்று ஞானப்பூ வாசகசாலைத் தாளை எடுத்தாள். நூர்ஜஹானும் கிளம்பினாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாள். ஆனாலும் அந்தத் தாளில் இருந்த வழியே அவள் ஒருநாளும் நடந்ததில்லை. அவள்தான் வழியில் இருக்கிற இடமாயிற்றே.

தர்காவில் பெண்கள் உட்காருகிற பக்கம் உட்கார்ந்தார்கள். தோப்புக்காரர் ஒருவர் முதல் காய்ப்புத் தேங்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். ஞானப்பூ தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். யாருக்காக வேண்டுகிறாள் என்று கேட்கத் தேவையில்லை. நூர்ஜஹான் என்ன வேண்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வேண்டியதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதை எப்படி வேண்டுவது?

மாதா கோயிலுக்குள் அவள் போனதே இல்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. ஞானப்பூ தண்ணீர்த் தொட்டியில் விரல் நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நூர்ஜஹான் மணிக்கூண்டு பக்கம் சுவரில் பதித்த கல்லைப் படித்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்கு மணி வைத்தபோது உதவியவர்களின் பெயர்கள். பாதி தமிழில், பாதி மலையாளத்தில். கீழே எட்டாவது வரியில், மணிக்கயிறு, கயிற்றுக்கடை காதர் முகைதீன் ராவுத்தர். அவள் மாமனார். கண்டிப்பான மனுஷர். அவளோடு அதிகம் பேசாதவர். இதை அவர் சொன்னதில்லை, சைனுதீனும் சொன்னதில்லை, ஒருவேளை சொல்லிக்கொள்கிற காரியமாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஊருக்குள் தன் வீடு எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நூர்ஜஹான் நினைத்தாள். அந்த நினைப்பு சந்தோஷமாக வரவில்லை.

செக்போஸ்டில் ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். குறுக்குக் கம்பம் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றது. குமுளியிலும் இப்படித்தான் என்றாள் ஞானப்பூ. அந்தப் பக்கம் போனால் மலையாளத்துக்காரி என்கிறார்கள், இந்தப் பக்கம் பாண்டிக்காரி என்கிறார்கள், ரேஷன் கடையில் மட்டும் ஒழுங்காகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். நூர்ஜஹான் சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தாள், ஆடு திரும்பிப் பார்த்தது.

எல்லைக்கல்லுக்கு அவர்கள் போகவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று நூர்ஜஹான் சொன்னாள்.

அன்று பொழுது சாய ஜிபி கூப்பிட்டாள். ஞானப்பூ வாசற்படியில் உட்கார்ந்து பேசினாள். நூர்ஜஹான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள், பேச்சு காதில் விழுந்தது. ஊர்க்கட்டு மகளே, மீறிப் போனா இந்த வீட்டுக்காரம்மாவுக்குத்தான் கேடு, அவ ஒத்தைக்கு இருக்கா பாவம், என்றாள் ஞானப்பூ. நீ நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிரு, ஏலப்பாறைக்கு வந்து பூட்டின வீட்டைப் பார்த்து என்ன செய்ய. அடுத்த லீவுக்குப் பார்ப்போம். அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாளோ, இவள் சரி சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த லீவு என்றால் என்னவென்று நூர்ஜஹானுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடி நின்றாள். ராத்திரி இரண்டு பேருக்கும் பரிமாறினாள். தனக்குப் போட்டதை அவள் சாப்பிடவில்லை.

விடிந்ததும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஞானப்பூவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சாட்டு இருக்குன்னு எனக்கு முன்னயே தெரியுமுங்க. நிமி கூப்பிட்டப்ப நீங்க தூங்கறீங்கன்னு சொன்னது நாந்தான்."

ஞானப்பூ டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் தூங்கலம்மா. நீ போன்ல சொன்னது கேட்டுச்சு. பாவம், இன்னும் ஒரு நாள் இருந்தா என்ன கொறஞ்சா போவும்னு கண்ண மூடிக்கிட்டேன்." பிறகு சொன்னாள்: "பறை வரும்னு நீ சொல்லலியே தங்கச்சி. ஊர்க்கட்டுன்னு எம்மவகிட்ட என்னப் பொய் சொல்ல வச்சிட்டியே."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்து, பையில் துணியை மடித்து வைத்தாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. நீ சொல்லு, உன் வீடு, என்பது போல நின்றாள்.

இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். கம்பத்தைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் ஊற்றப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தர்மகர்த்தா சென்னியப்பன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தென்னந்தோப்புக்காரர், எழுபது வயது, சைனுதீனுக்குப் பழக்கமானவர். நூர்ஜஹான் எப்போதும் நிற்கிற இடத்தில், கோயில் மதிலுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னாள். இந்த அம்மா இன்றைக்கு ஊருக்குப் போக வேண்டும், எங்கள் வீட்டிலிருந்து போகிறார்கள் என்றாள்.

சென்னியப்பன் எழுந்து மதில் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நல்ல மனுஷர்.

"அம்மணி, இதெல்லாம் உங்களுக்கு இல்லீங்க. அவங்க வேதக்காரங்க, நீங்க பாய் ஊடு. பேசாம பஸ் ஏத்தி உட்ருங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னபடி செய்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஞானப்பூ பஸ் ஏறியிருப்பாள், நூர்ஜஹான் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்திருப்பாள், ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் டீ குடிக்க வந்திருப்பார்கள். அவளுக்கும் அது தெரியாமலில்லை. ஆனால் உங்களுக்கு இல்லை என்ற அந்தச் சொல் அவளுக்குள் எங்கோ போய்த் தைத்தது.

"அப்பறம் எதுக்குங்கண்ணா வருசா வருசம் எங்க ஊட்டு நெலவுக்கதவுல மஞ்சள அப்பறீங்க?"

"அது வழக்கமுங்க."

"இதும் வழக்கந்தானுங்க. செங்கோட்டையண்ணன் ஊட்டுக்குச் செருகுனீங்க. எங்க ஊட்டுக்கும் செருகுங்க."

குடம் வைத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சென்னியப்பன் துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார். விருந்தாளி சாட்டு தெரியாமல் தங்கிவிட்டார்கள் என்றால் அதற்கு ஒரு பரிகாரம் பார்க்கலாம், கம்பத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று வழி காட்டினார். தெரியாமல்தானே தங்கினார்கள் என்று கேட்டார்.

நூர்ஜஹான் சுற்றிலும் பார்த்தாள். மருதாத்தாள் நின்றாள். எதிர்வீட்டுச் செல்வப்பிரியா நின்றாள். தினமும் பார்க்கிற முகங்கள், தினமும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டு, நல்லாயிருக்கேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிற முகங்கள்.

"தெரியாம இல்லீங்க. நாந்தான் தெரிஞ்சே நிறுத்துனேன். ஊட்ல ஒரு ஆள் இருக்கட்டும்னு."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தலை நிமிரவில்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் உச்சுக்கொட்டவும் இல்லை. மருதாத்தாள் மட்டும் தன் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். சென்னியப்பன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, பூசாரியை ஒரு கொத்து ஒடிக்கச் சொன்னார்.

எல்லைக்கல் வரைக்கும் நூர்ஜஹான் கூடப் போனாள். காப்பை மீறிப் போகிறவரை வீட்டுக்காரரே இந்தக் கல் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், அதுவும் வழக்கம். பொள்ளாச்சி பஸ் அங்கே நிற்கும், அதில் ஏறி அடுத்த ஊரில் இறங்கிப் பாலக்காட்டு பஸ் மாற வேண்டும். கல்லைத் தாண்டுவதற்கு முன்பு ஞானப்பூ மகளுக்குப் போன் செய்தாள். வாறேன் மகளே, வீட்டுக்கே வா, என்றாள். அப்புறம் பையைத் திறந்து எதையோ தேடினாள், கொடுக்கத் தகுந்ததாக ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பையை மூடிவிட்டாள். நூர்ஜஹானின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கமோ என்னவோ, நாடி பார்ப்பது போலத்தான் பிடித்தாள். பஸ் வந்தது.

கோபம் தீர்ந்ததா இல்லையா என்று நூர்ஜஹானுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நிலையில் வேப்பங்கொத்து இருந்தது. பூசாரி உயரம் குறைவானவர். அரபு எழுத்துக்கு எட்டாமல் பக்கவாட்டில் கீலுக்கு மேலே செருகிவிட்டுப் போயிருந்தார்.

பால்காரர் பாக்கெட்டை மதில் மேல் வைத்துவிட்டு மணியடித்தார். செல்வப்பிரியா தெருவில் நின்று, ஏதாச்சும் வேணுமுங்களா என்று கேட்டுவிட்டு, படியை மிதிக்காமல் போனாள். மருதாத்தாள் இரண்டு முறை மதிலோரம் வந்து நின்றாள். முதல் முறை வெயிலைப் பற்றிப் பேசினாள். இரண்டாம் முறை, அந்த அஞ்சு நாள்ல எனக்கு ரெண்டாவது நாள்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, அப்பறம் பழகிருச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, தகவலுக்குச் சொன்னாளா என்று விளங்கவில்லை. ஆனால் எத்தனையோ வருஷப் பழக்கத்தில் மருதாத்தாள் தன்னைப் பற்றி அவளிடம் சொன்ன முதல் விஷயம் அது.

புதன்கிழமை அஷ்ரஃப் கூப்பிட்டான். கேமராவில் வாசல் கதவு இலையாகத் தெரிகிறது, யாரோ என்னவோ கட்டியிருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்றான். குரல் பதறியது. அவள் சுருக்கமாகச் சொன்னாள். ஒத்தையில் இருப்பது அவ்வளவு கஷ்டமென்றால் தன்னிடம் சொல்லியிருக்கலாமே, யாரோ ஒருவரைப் பிடித்து வைக்கும் அளவுக்கா என்று கேட்டான். விசா எடுக்கிறேன், உடனே கிளம்பி வாங்கம்மா என்றான்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் ஊரத் தாண்ட முடியாதுப்பா."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் யோசிக்கலாம்."

அவன் சிரித்தானா, மூச்சு விட்டானா தெரியவில்லை. அன்றைக்கு மாத்திரையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டான்.

வியாழக்கிழமை ரசம் வைத்தாள். ஒரு ஆளுக்கு வைக்கிற ரசத்துக்கு எப்போதும் புளி கூடிவிடும், அன்றும் கூடிவிட்டது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஏலப்பாறை.

ஞானப்பூ நலம் விசாரிக்கவில்லை. மருந்து, மாத்திரை, வெயில் ஒன்றையும் கேட்கவில்லை. என்ன செய்யுற என்று மட்டும் கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தேன் என்றாள் நூர்ஜஹான்.

"நாங்களும் அதுக்குத்தான் உக்காருதோம். போன இப்படி வைக்கேன். நீ பேச வேண்டாம், சாப்பிடு."

டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எதன் மேலோ போனை வைத்துவிட்டாள். அப்புறம் தட்டுகள் வைக்கிற சத்தம். பலகையை யாரோ இழுத்துப் போட்டார்கள். ஒரு குழந்தை ஏதோ வேண்டாம் என்று சிணுங்கியது. மீனில் உப்புப் போதவில்லை என்றது ஓர் இளம் குரல், அதுதான் ஜிபியாக இருக்க வேண்டும். குவைத்துல உப்பத் தின்னு பழகிட்ட, அதான், என்றாள் ஞானப்பூ. வெளியே மலையில் மழை வரும்போலும், தகரத்தில் நாலைந்து சொட்டு விழுகிற ஓசை வந்தது. நூர்ஜஹானிடம் யாரும் பேசவில்லை. அவள் இருக்கிறாள் என்பதே அவர்களுக்கு மறந்திருக்கலாம்.

அவள் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். அந்தப் பக்கம் சாப்பிடுகிற வேகத்துக்கு, மெதுவாகச் சாப்பிட்டாள்.